மலை இறங்கி வந்த நாள்

கலியாணமாகி நான் கண்டிக்கு வந்தது ஆயிரத்துத் தொளாயிரத்து இருபதுகளின் கடைசியில். அதற்கு முன் நான் மலையைக் கண்டதே இல்லை. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் குளக்கட்டுத்தான். என் கணவர் பேராதனைச் சந்தி ரயில் நிலையத்தில் கிளாக்கர். ஸ்டேஷனிலிருந்து சற்று எட்ட, ஹந்தானை மலை ஏறத் தொடங்கும் இடத்தில், எங்களுக்கு ஒரு வாடகை வீடு கிடைத்தது. முன்வாசலில் நின்றால் தூரத்தே கீழே மகாவலி கங்கை தெரியும். குசினிக் கதவைத் திறந்தால் மலை. வேறொன்றும் தெரியாது. தேயிலை, அதற்கு மேலே தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயங்களின் தகரக் கூரைகள், அதற்கும் மேலே முகில்.

அந்தக் கதவை நான் சாத்தியே வைத்திருப்பேன். புகை அடைத்தாலும் திறக்க மாட்டேன். அவர் சிரிப்பார்.

"மலை என்ன, ஓடி வந்து கடிக்கவே போகுது?"

நானும் சிரிப்பேன். ஆனால் திறக்க மாட்டேன்.

கதவைத் தட்டித் திறக்க வைக்கிறவள் ஒருத்திதான். தோட்டத்துப் பெண். கணவனை இழந்தவள், தம்பியின் குடும்பத்தோடு லயத்தில் இருந்தாள். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. சில நாள் பின்னேரங்களில், கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளைக் கட்டாகக் கட்டிக்கொண்டு வந்து விறகுக்குத் தருவாள். படியில் நின்றபடியே பேசுவாள். அந்த நாளில் லயத்து ஆட்களை உள்ளே கூப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கத்து மனிதரிடம் இருக்கவில்லை. உள்ளே வருகிற வழக்கம் அவர்களிடமும் இல்லை. எனக்கு மகள் பிறந்தபோது படியில் நின்றே எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுலயும் ஒரு பய பொறந்திருக்கான்மா, தம்பி மகன்," என்று சொன்னாள்.

மகளுக்கு ஐந்து மாதம் நடக்கும்போது அந்த மழை பிடித்தது.

கண்டி மழைக்கு நான் கொஞ்சம் பழகியிருந்தேன். இது அப்படியில்லை. விட்டு விட்டுப் பெய்யாமல் ஒரே சீராக, இரவும் பகலும், யாரோ மேலே நின்று ஊற்றுகிற மாதிரி இருந்தது. சீலைகள் காயவில்லை. அலுமாரிக்குள் பூஞ்சணம் பிடித்தது. கங்கை பெருகி வருவது முன்வாசலிலிருந்தே தெரிந்தது. முதலில் மூங்கில் பற்றைகள் மறைந்தன, பிறகு வயல், பிறகு வீதி.

வீதி மூழ்கிய நாள் காலையில் வேலைக்குப் போன என் கணவர் அன்று திரும்பவில்லை. வீதி வளைவில் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர் குடையோடு வந்து முற்றத்தில் நின்று சொன்னார். அவரை நாங்கள் நானா என்போம்.

"தங்கச்சி, ஐயா ஸ்டேசன்ல சொகமா ஈக்கிறாராம். தண்டவாளத்துக்கு மேல தண்ணி ஏறிட்டு, அதான் வர ஏலாம ஈக்கி. ஒண்ணுக்கும் பயப்புட வாணாம்."

"ரோட்டாலை வர ஏலாதே நானா?"

"ரோட்டுல நெஞ்சளவு தண்ணி. தோணி கொண்டாந்தாத்தான்."

அன்று இரவு நானும் பிள்ளையும் தனியே. நான் கண் மூடவில்லை.

அடுத்த நாள் காலை வேதப்புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு இருந்தேன். எழுத்துகள் தெரிந்தன, சொற்கள் தெரியவில்லை. சரி, வாசிக்க வராவிட்டால் சிறு வயதில் மனப்பாடமான ஜெபத்தையாவது சொல்வோம் என்று தொடங்கினேன். அவருடைய சித்தப்படி ஆகட்டும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் வாய் நின்றுவிட்டது. இந்த மலையை என் பிள்ளை மேல் இறக்குவதுதான் அவருடைய சித்தம் என்றால்? எப்படி அதற்கு ஆமென் சொல்வேன்? மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினேன். அதே இடத்தில் நின்றேன். புத்தகத்தை மூடிவிட்டேன்.

பிள்ளை பசிக்கு அழுதது. எடுத்து நெஞ்சோடு அணைத்தேன். பால் இல்லை. விடியற்காலையிலிருந்தே இல்லை. பயத்தில் பால் நின்றுபோகும் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பிள்ளை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகம் சிவக்க வீறிட்டது. கொஞ்சம் வெந்நீராவது கொடுக்கலாம் என்று குசினிக்குப் போனேன். சுவரோரம் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. வெளியே தள்ளிவிடப் பின்கதவைத் திறக்கப் பார்த்தேன். கதவு அசையவில்லை. தாழ்ப்பாளை எடுத்துவிட்டுத் தோளால் தள்ளினேன். நிலை கோணிக் கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. குனிந்து பார்த்தால், சீமெந்துத் தரையில் சுவரோடு சேர்ந்து ஒரு வெடிப்பு. நேற்று அது இல்லை. விரல் உள்ளே போகிற அகலம்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. சாமான் ரயில் ஒன்று பாலத்தில் ஏறுகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ரயில் ஓடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கால்களின் கீழ் தரை நடுங்கியது. தட்டிலிருந்து கோப்பைகள் விழுந்தன. பிள்ளையை அணைத்துக்கொண்டு நடு அறையில் நின்றேன். எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியவில்லை. கீழே ஆறு, மேலே மலை.

சத்தம் நின்றது. மழை மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் யாரோ முன்கதவை இரண்டு கைகளாலும் அறைந்தார்கள்.

திறந்தால் அவள், விறகு கொண்டு வரும் ஆயா. தலைமேல் கம்பளி, அதற்குள் ஒரு குழந்தை. பின்னால் இன்னும் பெண்கள், பிள்ளைகள், ஒரு கிழவர். எல்லோரும் சேற்று நிறம்.

"வாங்கம்மா, வெளிய வாங்க. இங்க இருக்க ஏலாது. லயம் போயிருச்சு."

"என்ன போயிட்டுது?"

"லயம்மா. மேல் லயம் முழுக்க மண்ணோட போயிருச்சு. வாங்க, புள்ளைய எடுத்துக்கிட்டு வாங்க."

நான் அசையவில்லை. அவள் அதுவரை மிதிக்காத என் வீட்டு வாசல்படியைத் தாண்டி உள்ளே வந்து, என் மேல்கையைப் பிடித்து வெளியே இழுத்துப் போனாள். அந்தக் கையின் இறுக்கம் இரண்டு மூன்று நாள் என் தோலில் நீலமாய்க் கிடந்தது.

எங்கே போவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்: எங்கள் சிறிய தேவாலயம். வீதியிலிருந்து சற்று உயரத்தில், மலைச்சரிவை விட்டு விலகி, கற்பாறை ஒன்றின் மேல் கட்டியிருந்தார்கள். நான் கையைக் காட்டினேன். எல்லோரும் அந்தப் பக்கம் நடந்தோம். திரும்பிப் பார்த்தபோது தேயிலைக்கு நடுவே செம்மண் நிறத்தில் ஒரு பெரிய கோடு, மேலிருந்து கீழாக, மலையின் தோலை உரித்துவிட்ட மாதிரி. அது எங்கள் வீட்டுக்கு மேலே சற்றுத் தூரத்தில் வந்து நின்றிருந்தது.

தேவாலயத்தில் போதகர் மட்டும் இருந்தார். இளம் வயது, எங்கள் சபைக்கு வந்து இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. கதவைத் திறந்து இத்தனை பேரைக் கண்டதும் அவர் முகம் வெளுத்துப்போயிற்று. பிறகு ஒவ்வொருவராகக் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினார். நனைந்த குழந்தைகள் நடுங்கின. சுற்றுவதற்கு உலர்ந்த துணி எங்கேயும் இல்லை. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நேரே முன்னால் போய்த் திருமேசையின் வெள்ளை விரிப்பை உருவி, பல்லால் கடித்து நீளமாகக் கிழித்து, ஆயாவின் கையில் கொடுத்தார். பண்டிகைக்குப் பண்டிகை மடிப்பு விழாமல் நாங்கள் தோய்த்து மடித்துப் பாதுகாத்த துணி அது.

உட்காரும் வாங்குகளை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தரையில் இருந்தோம். கடைக்கார நானா வெள்ளத்தில் அரைவாசி போய்விட்ட கடையிலிருந்து அரிசியும் சீனியும் சாக்கில் கட்டித் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கினார்.

"உள்ளுக்கு வரலாமா ஐயா?"

"வாங்கோ நானா, வாங்கோ," என்றார் போதகர். இரண்டு பேரும் சேர்ந்து விறாந்தையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டுவதற்குப் பட்ட பாட்டைக் கண்டு, வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

அங்கேதான் எனக்கு விஷயம் முழுதும் தெரிய வந்தது. காலையில் வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு, மழை கடுமை என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஆயாவின் தம்பி மனைவி பிள்ளைக்காம்பராவுக்கு வந்து மகனைப் பார்த்திருக்கிறாள். வீடெல்லாம் ஈரமாய்க் கிடக்கிறது, நான் போய் அடுப்பை மூட்டிச் சூடாக்கி வைக்கிறேன், அதுவரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அடுப்பு பற்றியதோ இல்லையோ, மண் வந்துவிட்டது. பிள்ளைக்காம்பரா தனியாக வேறொரு மேட்டில் இருந்ததால் குழந்தைகள் தப்பின. தம்பி மேலேயே நின்றுவிட்டான். மற்ற ஆண்களோடு மண்ணைத் தோண்டிக்கொண்டிருக்கிறான்.

"கெடச்சிருவாம்மா," என்றாள் ஆயா. "அவ கெட்டிக்காரி. எங்கயாச்சும் ஒதுங்கி நின்னுருப்பா."

அவள் மடியில் இருந்த பையன் அழத் தொடங்கினான். நானா கொடுத்த சீனியைத் தண்ணீரில் கரைத்து, துணியைத் தோய்த்து வாயில் வைத்தாள். அவன் நாக்கால் தள்ளிவிட்டான். மறுபடி வைத்தாள். மறுபடி தள்ளினான். என் பக்கத்தில் என் மகளும் அழுதாள். இரண்டு பேரும் மாறி மாறி, ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் பிடித்தார்கள்.

பிற்பகலில் மறுபடி அந்தச் சத்தம் வந்தது. எங்கேயோ இன்னொரு சரிவு. தொங்கிக்கொண்டிருந்த விளக்கு ஆடியது. எல்லோரும் எழுந்து கத்தினார்கள். யாரோ கதவைப் பார்த்து ஓடினார்கள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, கல்லுக்குள் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். போதகர் ஜெபப் புத்தகத்தை எடுத்து விரித்தார். பக்கம் வரவில்லை. முன்னும் பின்னும் புரட்டினார். புத்தகத்தை மூடிவிட்டு, எங்களுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் பயமாத்தான் கிடக்கு," என்றார். "என்னத்தைச் சொல்லிக் கேக்கிறதெண்டு தெரியேல்லை. ஆனா தனிய இல்லை. எல்லாரும் கிட்ட வந்து இருங்கோ."

ஒரு போதகர் அப்படிச் சொல்வதை நான் கேட்டதில்லை. ஊரில் எங்கள் போதகர்மார் பயத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவார்கள், பயந்ததைக் கண்டதில்லை. ஓடியவர்கள் திரும்பி வந்து இருந்தார்கள். நானாவும் சாக்கைத் தலையில் போட்டபடி கதவருகில் இருந்து, தன் வாய்க்குள் தனக்குத் தெரிந்ததை ஓதினார். வெள்ளத்துக்குத் தப்பி வந்து சேர்ந்திருந்த சபையார் சிலர், நான் காலையில் பாதியில் விட்ட அந்த ஜெபத்தைச் சொன்னார்கள். நான் அந்த இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

என்னால் அந்தப் பையனின் அழுகையைத் தாங்க முடியவில்லை. அது குறைந்துகொண்டே வந்தது; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. முதலில் கத்தினான், பிறகு முனகினான், பிறகு வாயைத் திறந்து திறந்து மூடினான். கைப்பிள்ளைத் தாய்மார் வேறு யாரும் எங்களோடு இறங்கி வரவில்லை. ஆயா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவே மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தான் பார்த்ததற்கே பயந்தவள் போலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இஞ்சை தா," என்றேன்.

"அம்மா..."

"என்னட்டைப் பாலில்லை. என்ரை பிள்ளைக்கே இல்லை. எண்டாலும் தா, வைச்சுப் பாப்பம்."

கிழிந்த வெள்ளைத் துணியோடு அவனை என் கையில் வைத்தாள். புகை நாற்றமும் சேற்று நாற்றமும் அடித்தது. என் மகளைவிட மிகவும் பாரம் குறைவு. சுவர்ப் பக்கம் திரும்பி, சீலையால் மூடிக்கொண்டு அணைத்தேன். அவனுக்கு முதலில் தெரியவில்லை. பிறகு பிடித்துக்கொண்டான். ஒன்றும் வரவில்லை. அவன் விடவில்லை. என் மகளைப் போல ஏமாந்து கத்தவும் இல்லை. பிடித்த பிடியில் இருந்தான். நான் அவனுடைய உச்சந்தலை மெல்லத் துடிப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எவ்வளவு நேரமோ தெரியாது. நெஞ்சுக்குள் ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி வந்தது. தாய்மாருக்குத் தெரியும் அந்த வலி. பால் இறங்கியது. அவன் விழுங்குகிற சத்தம் கேட்டது. ஆயா அதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ரையையும் கொண்டா," என்றேன். மகளை மற்றப் பக்கம் வைத்தாள்.

சமாதானம் என்ற சொல்லை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அது வந்தால் பயம் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் காலையிலிருந்து மலையையே கேட்டுக்கொண்டிருந்த காது, அந்தக் கொஞ்ச நேரம் அதைக் கேட்கவில்லை. யாரோ பக்கத்தில் இருக்கிறார் என்று பட்டது. கர்த்தர் என்று நான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பொழுது சாயும் நேரத்தில் பையனின் தகப்பன் வந்தான். கைவிரல் நகங்கள் பிய்ந்து இரத்தம் ஒழுகியது. வாசலில் நின்று அக்காளைத் தேடினான்.

"கெடச்சிட்டா அக்கா," என்றான்.

அந்த ஒரு சொல்லை அவன் சொன்ன விதத்திலேயே எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆயா எழுந்து போய் அவன் தோளில் முகத்தை வைத்தாள். அவன் அழவில்லை. பிள்ளை எங்கே என்று கேட்டான். அவள் என்னைக் காட்டினாள். நான் சீலையை இழுத்து மூடிக்கொண்டேன். அவன் உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றான். சுவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"குடிச்சானாங்கம்மா?"

"ஓம், குடிச்சவன்."

"வயிறு நெறஞ்சிச்சா?"

"நிறைஞ்சுது. நித்திரையாப் போனான்."

அதற்குப் பிறகுதான் அவன் தரையில் குந்தி அழுதான். போதகர் போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு, அவன் கைவிரல்களைத் தண்ணீரில் கழுவித் துணி சுற்றினார்.

மறுநாள் காலை மழை விட்டது. என் கணவர் தண்டவாளத்தின் வழியே நடந்தும், நீந்தியும், காலெல்லாம் அட்டை கடித்த இரத்தத்தோடு வந்து சேர்ந்தார். பூட்டாத வீட்டையும் உடைந்த கோப்பைகளையும் கண்டுவிட்டு வந்திருக்கிறார். தேவாலய வாசலில் என்னைக் கண்டதும் தூணைப் பிடித்துக்கொண்டார். பிறகு என் மடியைப் பார்த்தார்.

"மற்றது ஆரின்ரை பிள்ளை?"

"மலையிலை இருந்து வந்தது. தாய் இல்லை. பசிச்சு அழுதுது."

அவர் குனிந்து, நனைந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு தலைகளையும் தொட்டார்.

அன்றே அடக்கம். தாயை அடக்கும் இடத்தில் பிள்ளை இருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை போனால் பசிக்கு நானும் போக வேண்டும். அந்த மலைக்கு. இரண்டு வருடமாக நான் கதவைச் சாத்தி வைத்த மலைக்கு. என் கணவர், நீ போக வேண்டாம், சுகமில்லை என்று சொல்லலாம் என்றார். நான் போனேன். ஏறும்போது ஒவ்வொரு அடியிலும் மண் வழுக்கியது; ஒவ்வொரு வழுக்கலுக்கும் இதோ வருகிறது என்று நிமிர்ந்து மேலே பார்த்தேன். ஆயா என் முழங்கையைப் பிடித்தபடியே ஏறினாள். லயம் இருந்த இடத்தில் ஒரே ஓர் அறையின் சுவர் மிச்சமிருந்தது. அதில் ஆணியில் ஒரு கொழுந்துக் கூடை தொங்கியது.

அவர்களுடைய பண்டாரம் அவர்கள் முறைப்படி எல்லாம் செய்தார். போதகர் ஒதுங்கி நின்றார். கடைசியில் பையனின் தகப்பன்தான் அவரைப் பார்த்து, "சாமி, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றான். போதகர் அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரைச் சொல்லி, ஆண்டவரே இவளை உமக்குத் தெரியும் என்று மட்டும் ஜெபித்தார். பிறகு மண்வெட்டியை வாங்கி அவரும் மண் போட்டார்.

நாங்கள் அந்த வீட்டை விட்டுவிட்டு ஸ்டேஷனுக்குக் கிட்ட ஒரு சிறிய வீட்டுக்கு மாறினோம். தோட்டத்தில் தற்காலிகமாகத் தகரக் கொட்டில் போட்டுக் கொடுத்தார்கள். ஆயா நாளும் பையனைத் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். உள்ளே வந்து என் பக்கத்தில் பாயில் இருப்பாள். இரண்டு பேருக்கும் பால் போதாத நாள்களில், அவனுக்கு அரிசிக் கஞ்சி வடித்துக் கொடுப்போம்.

கதை பரவியது. கண்டியிலிருந்து எங்கள் சபையைச் சேர்ந்த ஓர் அம்மா அதைக் கேட்கவென்றே வந்தார். கதிரையில் இருந்து கொஞ்ச நேரம் வெள்ளத்தைப் பற்றிப் பேசிவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"நீர் லயத்துப் பிள்ளைக்குப் பால் குடுத்தனீராம், மெய்யே?"

நான் வாய் திறப்பதற்கு முன், என் கணவர் உள்ளேயிருந்து தட்டோடு வந்தார்.

"ஓம், குடுத்தவ. இப்பவும் குடுக்கிறா. தேத்தண்ணி ஆறப்போகுது, குடியுங்கோ."

அந்த அம்மா குடித்தார். அடுத்த முறை வந்தபோது பழைய பிள்ளைச் சட்டைகள் ஒரு பொதி கொண்டுவந்து வாங்கில் வைத்துவிட்டுப் போனார்.

பையன் நடக்கத் தொடங்கிய பிறகு, அவன் தகப்பனுக்கு நாவலப்பிட்டிக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் வேலை கிடைத்தது. மனைவி கிடக்கிற மண்ணைப் பார்த்துக்கொண்டு வேலை செய்ய முடியவில்லை என்றான். மூன்று பேரும் பேராதனைச் சந்தியில் ரயிலேற வந்தார்கள். நானா ஒரு பை நிறைய பிஸ்கட் கொடுத்தார். என் கணவர் ஜன்னலோரமாய் இடம் பிடித்துக் கொடுத்தார். தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டான். ஆயா ஜன்னல் வழியே என் கையைப் பிடித்தாள். இந்த முறை மெதுவாக.

நான் பையனைக் கூப்பிட்டேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். உடனே என்ஜின் ஊதியது. அவன் திடுக்கிட்டு, அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ரயில் நகர்ந்தது.